ஊசிக்கும் தட்டுக்கும் நடுவே

மிட்டாய் மாஸ்டருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய தங்கமான மனசு என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் எப்போதும் அப்படித்தான். கையில் மிட்டாய் வைத்திருப்பவனைப் பார்த்தால் நல்லவன் என்று முடிவு கட்டிவிடும்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நட்ட நடு ரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் ஹாரன்கள் கதற, முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருப்பார்கள். அப்போது மாஸ்டர் எதிரே இருக்கிற தகர டப்பாவைத் திறந்து ஒரு எலுமிச்சை மிட்டாயை நீட்டுவார்.

"முதல்ல இதை வாயில போடுங்க. பின்னாடி கத்துறவன் எவனும் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டே பொறக்கல. அப்புறம், கிளச்சை மிதிங்க. அது கிளச் இல்ல, என் செருப்பு."

உண்மை என்னவென்றால், அந்த டப்பா மாஸ்டருக்காக வைத்தது. அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக் கட்டத்தை எல்லாம் எப்போதோ தாண்டி, பல வருஷமாக இன்சுலின் ஊசி. ஊசி மருந்து சில நாள் ரொம்ப நல்ல பிள்ளையாக வேலை செய்து, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்க வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கிவிடும். அப்போது கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் மங்கும். உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போனால்தான் ஆள் ஆளாக இருப்பார். மாணவர்களுக்கு மிட்டாய் கொடுத்ததெல்லாம், டப்பா எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் மாஸ்டரே தன்னை நல்லவர் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஊசி விஷயம் அவருக்கும் மனைவிக்கும் டாக்டருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்படி மூடி வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அவர் லாரி ஓட்டினார். காலில் ஒரு சின்னக் காயம் ஆறாமல் அடம் பிடித்ததில்தான் நோயே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். இவர் வெகுளியாகப் போய் லாரி முதலாளியிடம் சொன்னார். அவர் ரொம்ப அக்கறையாக விசாரித்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் லாரிச் சாவி வேறொருவன் இடுப்பில் தொங்கியது. அன்றிலிருந்து அக்கறையாக விசாரிப்பவர்களைக் கண்டாலே மாஸ்டர் பேச்சை மாற்றிவிடுவார்.

டிரைவிங் ஸ்கூல் வேலை கிடைத்தபோது அவர் செய்த முதல் காரியம் வாயை மூடிக்கொண்டதுதான். இரண்டாவது காரியம், நல்ல மாஸ்டர் ஆனது. பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு கிளச், ஒரு பிரேக், அவ்வளவுதான். வாய் பாட்டுக்குப் பேசும், கண் ரோட்டில் இருக்கும், கால் மட்டும் பிரேக் மேல் எலிக்குக் காத்திருக்கும் பூனை மாதிரி பதுங்கியிருக்கும். மாணவர் பயந்துபோய்க் கத்த வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் மூளை தலையில், மாஸ்டருக்கு அது வலது பாதத்தில் என்று சக மாஸ்டர் ஒருவர் கிண்டல் செய்வார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்கு சோடா என்று பெயர். மாஸ்டர் அந்தக் கிண்டலைப் பாராட்டுப் பத்திரமாகவே எடுத்துக்கொண்டார். அந்தக் கால் இருக்கிறவரைதான் அந்த சீட் என்று அவருக்குத் தெரியும்.

பழைய மருந்து ஒரு குப்பியில் வரும். ஒரே குப்பிக்குள் இரண்டு ஆட்கள். ஒருவன் கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்வான், இன்னொருவன் மெதுவாக நாள் பூராவும் இழுத்தடிப்பான். கலங்கலாக இருக்கும் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி, இரண்டு பேரையும் எழுப்பிவிட்டுத்தான் ஊசியில் இழுக்க வேண்டும். இதில் சீக்கிரக்காரன் என்று பெயர் வாங்கியவனே உடம்புக்குள் போய்ச் சோம்பல் முறித்து எழுந்திருக்க அரைமணி எடுத்துக்கொள்வான். அதனால் ஊசி போட்டு அரைமணி கழித்துச் சாப்பிடு என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்கு நடந்தால் அரைமணி. டிரைவிங் ஸ்கூலில் காலைச் சாப்பாடு எல்லோருக்கும் சேர்த்துதான். முதலாளியம்மா பெரிய டப்பாவில் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவருவார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முந்தின நாள் யார் எந்தச் சுவரில் மோதினார்கள் என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். ஆக, மாஸ்டர் வீட்டில் தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டை ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டு நடப்பார். மருந்தும் மாஸ்டரும் ஒன்றாகவே வேலைக்கு வந்து சேர்வார்கள். ரகசியமும் பத்திரம், சாப்பாடும் பத்திரம். இந்த ஏற்பாட்டைத் தான் கண்டுபிடித்ததாகவே அவர் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார். மதியத்துக்கு முன்னால் குப்பிக்குள் இருந்த இரண்டாவது ஆள் முழு வேகத்துக்கு வருவான். அப்போது கொலைப் பசி பசிக்கும். வாயில் ஒரு மிட்டாய். விஷயம் முடிந்தது.

பல வருஷம் இப்படியே ஓடியது. ஆனால் உடம்பு பழைய வண்டி மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று விட்டுவிட்டால் ஒருநாள் புகையைக் கக்கும். மாஸ்டருக்குக் காலையில் சர்க்கரை மலையில் நின்றது, மதியம் பள்ளத்தில் கிடந்தது. பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போன இடத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்திருந்தார். அவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு மருந்தையே மாற்றினார்.

"இனிமே குப்பி வேண்டாங்க. ரெண்டு பேனா. இது ராத்திரி ஒரு தடவை. நாள் பூரா ஒரே சீரா வேலை செய்யும். திடீர்னு தூக்கி அடிக்காது."

"ஐடிலிங்," என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"வண்டி நிக்கும்போது என்ஜின் சும்மா ஓடிட்டே இருக்குமே, அதும்மா."

டாக்டரம்மா சிரித்தார். "அதேதான். இந்த இன்னொண்ணு சாப்பாட்டு ஊசி. மூணு வேளையும். இதை ஆக்ஸிலரேட்டர்னு வெச்சுக்கோங்க. மிதிச்ச உடனே போகும். பழைய மருந்து மாதிரி காத்திருக்காது. தட்டு முன்னாடி வந்தப்புறம்தான் இதைக் கையில எடுக்கணும். போட்டவுடனே சாப்பிடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அந்தப் 'புரிஞ்சுது' எவ்வளவு பெறும் என்று மாஸ்டரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. கிளச்சை மெதுவாக விடணும் என்று அவர் சொன்னதும் எல்லா மாணவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அடுத்த நொடி வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவிப் படுத்துவிடும்.

வீட்டுக்கு வந்து யோசித்தார். தட்டு இருப்பதோ டிரைவிங் ஸ்கூல் மேஜையில். அங்கே அத்தனை பேர் முன்னால் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. கழிவறைக்குள் போகலாம் என்றால், அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பாடிக்கொண்டே ஊசி போடுகிற வித்தை அவருக்கு வராது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனால் முதலாளியம்மா விடமாட்டார். ஏன் சாப்பிடலை, என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரிப்பார். அக்கறை! மதிய ஊசிக்குப் பிரச்சினையில்லை, மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஆள் பார்க்காமல் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டுவிடலாம். ராத்திரி வீடு. காலை ஒன்றுதான் இடித்தது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. மருந்து வேகமாகப் போகிறதா? சரி, நாமும் வேகமாக நடப்போம். அரைமணி நடையை முக்கால்வாசியாகக் குறைத்துவிட்டால் மருந்தைப் பிடித்துவிடலாம்.

தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டு அந்தத் தொடையையே விரட்டி நடந்தால், மருந்து இன்னும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கப் பார்த்தார். பஸ்ஸையும் அவரே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

முதல் சில நாட்கள் தப்பித்தார். போய்ச் சேரும்போது முதுகு நனைந்திருக்கும், ரொட்டியைக் கண்டதும் கை தானாகப் பாயும். "மாஸ்டரே, முட்டை ஓட்டையாவது விட்டு வைங்க," என்று சோடா சிரிப்பார். மாஸ்டரும் சிரிப்பார், வாய் நிறைய ரொட்டியோடு.

சிரிக்காத ஒரே ஆள் மனைவி. அவருக்குச் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. விடியும்போதே கிளம்பிவிடுவார், அதனால் காலை நடையை அவர் பார்ப்பதில்லை. ஆனால் சட்டை வீட்டுக்கு வருமே.

"என்னங்க இது, முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கு?"

"வெயிலு."

"எந்த வெயிலு? நேத்து பூரா மூட்டம். எங்க கடையில துணியே காயலை."

"காருக்குள்ள புழுக்கமா இருக்கும்டி. உனக்கென்ன தெரியும்?"

"சட்டையைப் பத்தி எனக்கென்ன தெரியும், சரிதான்." இஸ்திரிப் பெட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். "ஊசி போட்டதும் சாப்பிடறீங்கதானே?"

"ம்."

"'ம்'முன்னா?"

"சாப்பிடறேன்னு அர்த்தம்."

பொய் இல்லை. சாப்பிடத்தான் செய்தார். எப்போது என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

பேக்கரி அக்காவுக்கு மாஸ்டரைவிட வயது குறைவுதான். ஆனால் பேக்கரியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டு, அது கூடவே டிரைவிங் ஸ்கூலுக்கும் வந்துவிட்டது. அடுப்பு முன்னால் நின்று நின்று அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தால் கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேனைத் தருகிறேன் என்று பேக்கரிக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த வயதில் கிளச்சோடு மல்லுக்கட்டினார். எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்றால், முந்தின பாடத்தில் மட்டும் மாஸ்டரின் மிட்டாய் டப்பாவையே காலி செய்துவிட்டார். ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் ஒரு மிட்டாய். கடைசியில், "மாஸ்டர், நான் ஓட்டக் கத்துக்கிறேனோ இல்லையோ, பல்லு கொட்டிடும்," என்றார். மாஸ்டர் மறுநாள் டப்பாவை நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மாஸ்டர் வழக்கம்போல ஊசி போட்டு, வழக்கத்தைவிட வேகமாக நடந்து, டிரைவிங் ஸ்கூல் படியேறினால், பேக்கரி அக்கா மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லைசென்ஸ் பரீட்சையை முன்னதாகவே வைத்துவிட்டார்களாம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஈடு ரொட்டி வேகுவதற்குள் ஓட வேண்டும்.

"மாஸ்டர், பாவம் இவங்க. ஒரு சுத்து போயிட்டு வந்துடுங்க," என்றார் முதலாளியம்மா. "ரொட்டி எங்கேயும் ஓடிடாது. உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்."

மேஜையில் டப்பா திறந்தே இருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அது அவருக்கே தெரிந்தது. ஆனால் சோடா பார்த்துக்கொண்டிருந்தார், முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரவுண்டுகூடப் பொறுக்க முடியாதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? உள்ளுக்குள் ஏற்கெனவே ஏதோ மெல்ல நடுங்க ஆரம்பித்திருந்தது. "அதுக்கென்ன, வாங்கக்கா," என்றார் மாஸ்டர்.

முதல் திருப்பம் வரை சரியாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு கத்த ஆரம்பித்தார்.

மாஸ்டர் மாணவர்களிடம் கத்தியதே கிடையாது. கிண்டல் உண்டு, கத்தல் இல்லை. அன்று, "கண்ணு இருக்கா உங்களுக்கு? கியரை மாத்துங்கன்னா மாத்துங்க!" என்று கத்தினார். அக்கா அதிர்ந்துபோய் கியரை மாற்றினார். "ஏன் மாத்துனீங்க?" என்று அதற்கும் கத்தினார். உடம்பில் சர்க்கரை விழுந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குச் சிரிப்பு வரும், மாஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. தான் ரொம்பப் பொறுமையாகப் பாடம் நடத்திக்கொண்டிருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது. ரோடு மட்டும் ஏனோ கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற மாதிரி தள்ளித் தெரிந்தது.

"இடது பக்கம் திரும்புங்க."

"மாஸ்டர், அங்க சுவருதான் இருக்கு."

"இருக்கட்டும்."

அக்கா திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனி வரை வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. முகம் பிசைந்து வைத்த மாவு மாதிரி வெளுத்திருந்தது.

அவர் பார்த்த அந்த ஒரு கணத்தில் முன்னால் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க இறங்கினாள்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். அதுதான் பிறகு அவரால் தாங்க முடியாமல் போனது. கண் மங்கவில்லை, மயக்கம் வரவில்லை, தெளிவாகப் பார்த்தார். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், அதற்குள் ஒரு மஞ்சள் குல்லா. பிரேக் என்று மனசு சொன்னது. கால் அசையவில்லை. யாருடைய காலோ மாதிரி பிரேக்கின் மேல் சும்மா கிடந்தது.

மாஸ்டர் மிதிப்பார் என்று பேக்கரி அக்கா ஒரு நொடி காத்திருந்தார். எல்லா மாணவர்களும் அப்படித்தான் காத்திருப்பார்கள். மிதிக்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டு காலையும் சேர்த்து, ஏறக்குறைய எழுந்து நின்று, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குலுக்கு குலுங்கி நின்றது. தள்ளுவண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பெண் ஒரு கையால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் காரின் மூக்கில் ஓங்கி அறைந்தாள். அவள் சொன்னதை எல்லாம் எழுத முடியாது. எல்லாமே நியாயம்.

"மாஸ்டர்! மாஸ்டர், என்னைப் பாருங்க!"

"நல்லா ஓட்டுறீங்க," என்றார் மாஸ்டர், குழறலாக.

அக்காவுக்குப் பட்டென்று புரிந்தது. "எங்க பேக்கரி அடுப்படி அண்ணனுக்கும் சர்க்கரை இறங்கினா இப்படித்தான் வேர்க்கும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே மிட்டாய் டப்பாவைத் திறந்தார். காலி. தான் தின்றே காலி செய்தது ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். வண்டியை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு, தேய்ந்த முட்டியோடு எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் திறந்த கலர் பானப் பாட்டில்.

"குடிங்க. முழுங்குவீங்கதானே? முழுங்குங்க. இன்னும் ஒரு வாய். என்னைத் திட்டுனீங்கல்ல, அந்த வாயைத் திறங்க."

பாதி சட்டையில், பாதி உள்ளே. கொஞ்ச நேரத்தில் ரோடு கண்ணாடித் தொட்டியை விட்டு வெளியே வந்தது. ஹாரன் சத்தம் கேட்டது. தன் கை நடுங்குவது தெரிந்தது. தான் சொன்னவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கடைசியாக அந்த மஞ்சள் குல்லா ஞாபகம் வந்தது. மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"நான் மிதிக்கலை," என்றார்.

"அதான் நான் மிதிச்சுட்டேனே."

"நான் மிதிக்கலைக்கா."

முதலாளியம்மாவுக்கு போன் செய்தது பேக்கரி அக்காதான். சோடா ஆட்டோவில் வந்து வண்டியை ஓரங்கட்டினார். வழக்கமாக எதற்கும் கிண்டல் வைத்திருக்கும் மனிதர், அன்று தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார்.

டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். லாரி முதலாளி வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும். முதலாளியம்மா எடுத்து வைத்திருந்த ரொட்டி மேஜையில் இருந்தது. அதைத் தின்னச் சொல்லிவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அப்புறம் பேசினார்.

"ஊசி போடறதுக்காக உங்களை அனுப்பியிருப்பேன்னு நினைச்சீங்களா?"

மாஸ்டர் மேஜையில் சிந்திய ரொட்டித் துகளைக் கூட்டி ஒதுக்கினார்.

"அனுப்பியிருப்பேனோ என்னவோ. அது வேற விஷயம். ஆனா இன்னிக்கு நான்தானே சொன்னேன், சாப்பாடு அப்புறம்னு? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா என் வாயும் அதுல இருந்திருக்கும். என்னையும் சேர்த்துல்ல மாட்டி விடப் பாத்தீங்க!"

கோபத்தில் டப்பாவை டக்கென்று மூடினார். மாஸ்டருக்கு அந்தக் கோபம் அக்கறையைவிட எவ்வளவோ மேலாகப் பட்டது. ஆனாலும் சாவியை அவரே எடுத்து மேஜையில் வைத்தார். "டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் நான் அந்த சீட்ல உட்காரலைம்மா."

"நான் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் முதலாளியம்மா. சாவியை உடனே எடுத்துக்கொள்ளவும் செய்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. தாளில் இரண்டு மலை வரைந்தார். ஒன்று மெதுவாக எழும்பி அகலமாக இறங்கும் பழைய மலை. இன்னொன்று செங்குத்தாக ஏறி இறங்கும் புது மலை. "நீங்க இந்த மலைக்கு அந்த மலையோட வழியில ஏறினீங்க," என்றார். தொடையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்ததைச் சொன்னபோதுதான் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஓட ஓட மருந்தை நீங்களே உள்ள தள்ளிட்டுப் போயிருக்கீங்க." இனி என்ன செய்வது என்றும் சொன்னார். வண்டியில் ஏறும் முன் விரலில் குத்தி, சர்க்கரை மீட்டரில் பார்க்கணும். எல்லைக்குக் கீழே இருந்தால் இனிப்பு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சோதனை. எண் ஏறிவிட்டது என்பதற்காக உடனே கிளம்பக் கூடாது. ரத்தம் சரியானாலும் மூளை சரியாக முக்கால் மணியாவது ஆகும்.

"காலுமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"காலு மூளை சொன்னாத்தாங்க கேக்கும்."

மனைவிக்கு அன்று இரவே தெரிந்துவிட்டது. கலர் பட்ட சட்டையை வாளியில் போட்டவர் வெகு நேரம் அதை வெளியே எடுக்கவில்லை. "லாரி வேலை போனதும், இனிமே வெளிய சொல்லாதீங்கன்னு சொன்னவ நான்தானே," என்றார் கடைசியில். அதற்கு இல்லை என்று சொல்ல மாஸ்டருக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லிச் சலித்துப்போயிருந்ததால் சும்மா இருந்தார்.

சில வாரங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து சாலைக் குறிகளைப் பாடம் நடத்தினார். காலையில் மேஜையில் தட்டு வந்த பிறகு, எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். முதல் நாள் எல்லோரும் அவித்த முட்டையை ஏதோ வைரத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சோடா, "பெட்ரோல் போட்டாச்சா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்று மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் மறைத்தது இந்த மூன்று நாளையா?

இவ்வளவுதான் இல்லை. டாக்டரம்மா சரி என்று சொல்லி, முதலாளியம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, புதிதாக ஒரு கல்லூரிப் பையனைச் சேர்க்க அவன் அப்பா வந்திருந்தார். மாஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார். எண் எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"மன்னிக்கணும் சார். எனக்கு ஊசி போடற சர்க்கரை. இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு வண்டியை எடுக்கலாம்."

அந்த அப்பா மாஸ்டரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், தன் பையனைப் பார்த்தார். பிறகு முதலாளியம்மாவின் பக்கம் திரும்பி, குரலை ரொம்பவும் மரியாதையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "வேற மாஸ்டர் யாராவது இருக்காங்களா?"

முதலாளியம்மா பதிவேட்டைப் புரட்டினார். அப்புறம் சோடாவைக் கூப்பிட்டார்.

தன் வீட்டுப் பிள்ளை என்றால் தானும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு ஒன்றும் ஆறுதலாக இல்லை. இனிப்பை மென்றுகொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண் ஏறியது. ஏறிய பிறகும் சொன்ன நேரம் வரை உட்கார்ந்தார். அவருக்கு மாணவர் இல்லை.

வெயில் ஏறிய பிறகு பேக்கரி அக்கா வந்தார். அன்றைக்கு நடந்த கலவரத்தில் பரீட்சைக்கே போகாமல் விட்டிருந்தார். மறுபடி தேதி வாங்கியிருந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

"என்னை என்னென்ன சொன்னீங்க தெரியுமா அன்னிக்கு?"

"தெரியும்க்கா. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"கண்ணு இருக்கான்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"மீட்டரைக் காட்டுங்க."

காட்டினார். அக்கா அதை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மாதிரி வெகு நேரம் பார்த்தார். "இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?"

"நல்லது."

"ஏறுங்க."

வண்டி இரண்டு முறை தாவி, மூன்றாவது முறை ஒழுங்காகக் கிளம்பியது. மாஸ்டர் வலது காலைப் பிரேக்கின் மேல் வைத்தார். முன்பெல்லாம் அது தானாகப் போய் உட்காரும். இப்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், இருக்கிறாயா என்று அவர் மனசுக்குள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார். அசைந்தது. அடுத்த தெருவில் மறுபடி அசைத்துப் பார்த்தார்.

பக்கவாட்டில் ஏதோ உறுத்தியது. திரும்பினார். பேக்கரி அக்காவின் பார்வை ரோட்டிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை.

"ரோட்டைப் பாருங்கக்கா."

"ரோட்டை நீங்க பாருங்க," என்றார் அக்கா. "நான் உங்க காலைப் பாத்துக்கிறேன்."

ஓட்டுகிறவர் கண் ரோட்டை விட்டு நகரவே கூடாது என்று பாடத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது. மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அக்கா நிறுத்தினார். ஒரு லாரி, ஒரு சைக்கிள், மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று எல்லாம் கடந்து போகும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாஸ்டர், தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்க, "எடுங்க," என்றார்.